அண்ணனின் மஞ்சளும் நீலமும்

திருவொற்றியூர் கன்டெய்னர் கிடங்கில், கறுப்புத் திரையில் முதல் பச்சை எழுத்து தோன்றியபோது கைதட்டியவன் நான் ஒருவன்தான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கல்லூரி முடித்த சூடு, கையில் லினக்ஸ். இறால் ஏற்றிய குளிர்பெட்டிகளின் எண்களை ஒரே திரையில் காட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். குளிர் ஓடினால் எண் பச்சை, நின்றுபோனால் சிவப்பு. வார்த்தையே வேண்டாம், நிறமே பேசும் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தத் திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் கன்ட்ரோல் மேஜை அண்ணன். காத்திவாக்கத்துக்காரர். பெட்டிகளின் மேல் ஏறிக் கட்டும் வேலையில் விழுந்து முழங்கால் போன பிறகு கிடைத்த நாற்காலி அது. ஆனால் என் நிறங்கள் வந்த நாளிலிருந்து அவர் அதில் தங்கவே இல்லை. காலை இழுத்துக்கொண்டு, பெட்டிகள் அடுக்கிய யார்டுக்குப் போவார். ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வருவார். மேலாளர் இதைக் கவனித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை, "இவ்வளவு நல்லா நடக்கறியேப்பா, திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி மேல ஏறிடு" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். அது வெறும் சிரிப்பில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் காலோடு மேலே ஏறினால் இன்னொரு முறை விழத்தான் வேண்டும்.

"இன்னாண்ணா, ஸ்க்ரீன்லயே கீதே, அப்பால எதுக்கு நடக்குற?" என்றேன்.

"எல்லாம் ஒரே கலராத்தான் கீது நைனா. செவப்பும் பச்சையும் என் கண்ணுக்கு ஒண்ணுதான். ரயில்ல சிக்னல் வேலைக்குப் போனப்ப இந்தக் கண்ணைப் பார்த்துதான் தொரத்தி வுட்டானுங்க. நீ ஆசையா செஞ்சுகினு வந்து நிக்கிற, எப்புடி சொல்றது?"

நாற்காலியே போகும் நிலையிலும் என் ஆசை கலையக்கூடாதென்று நடந்திருக்கிறார் மனிதர்.

நிறங்களை ஸ்கிரிப்டுக்குள் ஊர்ப்பட்ட இடங்களில் நேராகத் திணித்து வைத்திருந்தேன். அன்றே அத்தனையையும் பிடுங்கிவிட்டு, நல்லதுக்கு ஒன்று, கெட்டதுக்கு ஒன்று என இரண்டு சூழல் மாறிகள், அதாவது மதிப்பை வெளியிலிருந்து மாற்றக்கூடிய பெயர்கள், வைத்தேன். யார் லாகின் செய்கிறாரோ, உள்ளே நுழைந்ததும் ஓடும் அவருடைய தொடக்கக் கோப்பு அவற்றுக்கு நிறம் சொல்லும். ஸ்கிரிப்ட் அதை வாங்கிப் பூசும். அண்ணனை உட்காரவைத்து ஒவ்வொரு நிறமாகக் காட்டினேன்.

"இது வாணாம், கலீஜா கீது. ஆங்... இந்த நீலம், அந்த மஞ்சா. மஞ்சா வந்தா பேஜாரு, குளிர் நின்னுபோச்சு. கரீட்டா?"

இன்று எந்தச் செயலியைத் திறந்தாலும் பார்ப்பவரின் கண்ணுக்கேற்ற நிறத்தைத் தேர்ந்துகொள்ள ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் நினைவுக்கு வரும்.

அன்று மேலாளர் வந்தபோது திரை முழுக்க நீலம், நடுவில் இரண்டு மஞ்சள். அண்ணன் எழுந்திருக்காமலே, குளிர் நின்ற இரண்டு பெட்டிகளின் எண்களைச் சொன்னார். மேலாளர் யார்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்; சரியாக இருந்தது.

"கலர் என்ன புதுசா இருக்கு?"

"என் கண்ணுக்குத் தெரியற கலர் சார். பச்ச, செவப்பு எனக்குப் பிரியாது. அதான் இத்தினி நாளு நடந்தேன்."

இத்தனை வருடம் மறைத்ததை நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். மேலாளர் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சரி, உட்காரு" என்று நகர்ந்தார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நைனா, டீயை இங்கியே கொண்டாரச் சொல்லு. நான் எங்கியும் நடக்கறதா இல்ல."