மெதுவாகப் போகத் தெரியாத வண்டி

மாட்டுங்காவில் மகாதேவனைத் தெரியாதவர்கள் உண்டு. அவர் மனைவி நாகலக்ஷ்மியின் பித்தளை டிபன் காரியரைத் தெரியாதவர்கள் இல்லை. தினமும் மாலை நான்கு மணிக்கு அது இரண்டு மாடி இறங்கும், சயானில் பஸ் மாறும், செம்பூரில் அவள் தகப்பனார் வேங்கடசுப்ரமணியனின் கட்டிலருகே திறக்கும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன மனிதர். மகள் ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். மகன் பஞ்சு ஊட்ட வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவரைச் சாப்பிட வைத்து, படுக்கையைத் தட்டிப் போட்டு, மறுபடி இரண்டு பஸ் பிடித்து நாகலக்ஷ்மி வீடு வந்து சேரும்போது எட்டரை ஆகிவிடும். வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். அந்த ஒரு நிமிஷத்தை மகாதேவன் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. "அது வரும்போது அப்பா இருக்காரோ என்னமோ, நானே இருக்கேனோ என்னமோ" என்று ஒரு நாள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் அவரைத் தாராவிக்கு அனுப்பியது.

தாராவியில் உதுமானின் ஒர்க்‌ஷாப் ஒரு தகரக் கொட்டகை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இருபது வருஷமாக மோட்டார் சைக்கிளோடு மாரடிக்கிற மனிதன். விலைக்கு இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டும் முந்நூற்றைம்பது சி.சி., இரண்டும் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை, இரண்டுக்கும் ஒரே விலை. அதோடு ஒற்றுமை தீர்ந்தது.

ஒன்று ரோட்டு வண்டி. உயர்ந்த ஹாண்டில், நீளமான சீட்டு, உருண்டை முகம்போல ஹெட்லைட். இன்னொன்று ரேஸ் வண்டி. கையைத் தொங்கவிட்டால்தான் பிடிக்க முடிகிற தாழ்ந்த ஹாண்டில், மார்பைச் சாய்த்துக்கொள்ள நீண்ட டாங்க், பின்னுக்குத் தள்ளிய கால் கம்பி, உள்ளங்கையகலம் ஒற்றை சீட்டு. விளக்கு கிடையாது. ஜூஹூ விமான ஓடுபாதையில் ரேஸ் ஓட்டிய யாரோ ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப் போனது.

"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க சாமி" என்றான் உதுமான். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். ரோட்டு வண்டி ஊர்ல உள்ள எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டே போவும். மாட்டுக்கு வழி விடும், பஸ்ஸுக்குப் பின்னால பொறுமையா வரும். இந்த ரேஸ் வண்டி இருக்கே, அது தங்கிட்ட மட்டுந்தான் பேசும்."

விடியற்காலையில் மாஹிம் பக்கம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார் மகாதேவன். துறைமுக ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு ஃபோர்மன் தயவில் வாலிபத்திலேயே ஓட்டக் கற்றவர். ரோட்டு வண்டி ஆபீஸ் நாற்காலி மாதிரி இருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது, மனசு எங்கேயோ இருந்தது. அடுத்து ரேஸ் வண்டி. முதல் இரண்டு பர்லாங்கு அது இருமிற்று, திமிறிற்று, மணிக்கட்டை ஒடித்தது. பிறகு சாலை காலியாயிற்று. அவர் குனிந்தார். வண்டியின் தொண்டை திறந்தது.

என்னவென்று சொல்ல! அவருடைய பதினேழாவது வயதில் அவர் தகப்பனார் போனார். அன்று முதல் ட்ராயிங் மேஜையில் குனிந்தவர் நிமிரவேயில்லை. அடுத்தவர்கள் கட்டுகிற கிடங்குகளுக்கு அடுத்தவர்கள் கொடுத்த அளவில் நேர்கோடு போட்டே இருபத்தொரு வருஷம் போய்விட்டது. குனிவதில் இப்படியும் ஒன்று இருக்கிறது என்று அந்த அரை மைலில்தான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் ரேஸ் பார்க்கப் போய், ஜூஹூ ஓடுபாதை ஓரத்தில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்த காற்று, இப்போது தன் முகத்திலேயே அடித்தது.

திரும்பி வந்தவருக்குக் கண்ணில் நீர். காற்றினால்தான்.

"இதுதான்" என்றார்.

உதுமான் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "மாமி எங்க உக்காருவாங்க?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"லைட்டும் இல்ல சாமி. சாயங்காலம் ஓட்டினா ஹவல்தார் பிடிப்பான்."

"அப்புறம் பார்த்துக்கலாம்னேனே உதுமான்."

உதுமான் அழுக்குத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். ஆசை பிடித்த முகத்தை அவன் நிறையப் பார்த்தவன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி மாட்டுங்காவுக்கு வந்தது. நாகலக்ஷ்மிக்குத் தெரிந்ததெல்லாம் "மோட்டார் சைக்கிள் வரது" என்பது மட்டுமே. தலை குளித்து, நல்ல புடவை கட்டி, தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், பூ, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கிருந்த வெளிச்சத்தை மகாதேவன் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி.

கீழ்வீட்டு அகிலாண்டம் மாமி முதலில் வாயைத் திறந்தாள். "இதென்னடா மகாதேவா, சர்க்கஸ்லேர்ந்து வாங்கினதா? ஹாண்டில் எங்கே, கீழே விழுந்துடுத்தா?"

நாகலக்ஷ்மி சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் வந்து நின்றாள். கை நீண்டது, நின்றது. எந்த வண்டிக்கும் விளக்கில்தான் பொட்டு வைப்பார்கள். அங்கே விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

"ஏன்னா, இதுக்கு நெத்தி எங்கே?"

அகிலாண்டம் மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் டாங்கின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள் நாகலக்ஷ்மி. பூவை எங்கே வைத்தாலும் வழுக்கி விழுந்தது. முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். புது வண்டி முதல் அடியில் பழத்தை நசுக்கிக்கொண்டு ஏற வேண்டும். கண் திருஷ்டி அதோடு போகும்.

அங்கேதான் வந்தது வினை. ரேஸ் வண்டியின் முதல் கியர் நடப்பதற்காகச் செய்ததல்ல, பாய்வதற்காகச் செய்தது. மகாதேவன் கிளட்சை மெல்ல விட்டார். வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி தள்ளி ஸ்டார்ட் செய்தார். மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை கொஞ்சம் கூட முறுக்கினார். வண்டி ஒரே துள்ளாகத் துள்ளிற்று. சக்கரத்தின் விளிம்பு பட்டுப் பழம் எகிறி, சாக்கடை ஓரம் உருண்டு போய் நின்றது. நசுங்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

நாகலக்ஷ்மி போய் பழத்தை எடுத்துத் தலைப்பில் துடைத்தாள். "கல்லு மாதிரி இருக்கு" என்று சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண் சீட்டின்மேல் விழுந்தது. ஒற்றை சீட்டு. அதற்குப் பின்னால் மட்கார்ட் தகரம், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

'நான் எங்கே உட்காருவேன்?' என்று அவள் கேட்டிருந்தால் மகாதேவனிடம் பதில் இருந்தது. இரவெல்லாம் யோசித்துத் தயாராக வைத்திருந்த பதில். அவள் கேட்கவில்லை.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம்."

"அப்ப சரி."

ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் தகப்பனாருக்குப் பசிக்கும். அன்று மாலையும் டிபன் காரியர் படி இறங்கிற்று. காலையில் கட்டிய அதே நல்ல புடவை. ஜன்னலிலிருந்து பார்த்த மகாதேவனுக்கு, பஸ் ஸ்டாப்பில் வரிசையின் கடைசியில் நின்ற அந்த முதுகு நெஞ்சில் முள்ளாகக் குத்திற்று. விடுவிடென்று இறங்கினார். கூடவாவது போகலாம் என்று நினைப்பு. வெளிச்சம் இன்னும் இருந்தது.

பஸ் போயிற்று, பின்னால் இவர் போனார். ஆனால் பஸ்ஸின் வேகம் அந்த வண்டிக்குப் பிடிக்கவில்லை. உறுமி முன்னால் போகும், நிற்கும், இருமும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மூச்சுத் திணறிற்று. சயானுக்குச் சற்று முன்னால் பிளக்கில் எண்ணெய் அடைத்து அடியோடு நின்றுவிட்டது. பஸ் போய்விட்டது. மணிக்கு நூறு மைல் போகும் என்று பெயர் வாங்கிய வண்டியை, நடக்கிற ஜனங்களுக்கு நடுவே, நடைவேகத்தில் தள்ளிக்கொண்டு போனார் மகாதேவன்.

சற்று நேரத்தில் கனம் குறைந்தாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தார். நாகலக்ஷ்மி! அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறாள். ஒரு கையில் காரியர், இன்னொரு கை மட்கார்ட் தகரத்தில். பின்னால் உட்கார வேண்டியவள் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன்டி இறங்கினே?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன். காணலை."

சயான் வரை தள்ளினாள். "அப்பா பசியோட இருப்பார், நான் போறேன்" என்று அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அவள் உள்ளங்கையில் வண்டியின் கறுப்பு மசி ஒட்டியிருந்தது.

மகாதேவன் வண்டியை நேரே தாராவிக்குத் தள்ளிப் போனார்.

"அந்த ரோட்டு வண்டி..." என்று ஆரம்பித்தார்.

"நேத்தே போயிருச்சு சாமி. ஆண்டாப் ஹில்லுல ஒரு ஃபிட்டர், பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்து, அவங்களை ஏறி உக்காரச் சொல்லிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போனாரு."

மகாதேவன் காலி எண்ணெய் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டார். உதுமானின் மனைவி சைனப் பின்கட்டிலிருந்து டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப் போகும் வரை அவர் அதைத் தொடவில்லை.

"உதுமான், இதையே ரோட்டு வண்டியா மாத்த முடியுமா?"

உதுமானுக்குச் சுருக்கென்றது. "குதிரையைப் பிடிச்சி மாவு மில்லுல கட்டச் சொல்லுதியளே! இந்த மாதிரி இன்னொரு வண்டி பம்பாயில கிடையாது, தெரியுமா? எடுத்த கையோட வேற ஆளுக்குக் கொடுத்துருங்க. நான் ஆள் பாக்கேன்."

"வேற வண்டி எப்ப வரும்?"

உதுமான் கையை விரித்தான். எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். செம்பூர்க் கிழவருக்குத் தினமும் பசிக்கிறது.

"அளவு நான் போட்டுத் தரேன்" என்றார் மகாதேவன்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் முடிந்ததும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை அவர். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் சொந்தக் காரியத்துக்கு ஒரு படம் வரைந்தார். இரண்டு பேர் சீட்டு. புடவை கட்டியவள் ஒரு பக்கமாக உட்காரக் கால் பலகை. புடவை சக்கரத்தில் சிக்காமல் கம்பித் தடுப்பு. காரியரை மாட்ட ஒரு கொக்கி, ரசம் தளும்பாத உயரத்தில். நாகலக்ஷ்மி ஜன்னல் திண்டில் உட்கார்ந்து பூத் தொடுக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் நூலைப் பிடித்து அளவெடுத்தார். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. வந்து நிற்கும்போது பார்க்கட்டும் என்று இருந்தார்.

உதுமான் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். "சாமி, இதைப் பாத்தா வேலை செய்யத் தோணுது" என்றான். ஹாண்டில் உயர்ந்தது. விளக்கு வந்தது. மெதுவாகப் போகட்டும் என்று இன்ஜின் பக்கத்துப் பல்சக்கரத்தைக் கழற்றிச் சின்னதாக மாட்டினான். மாட்டும்போது அவன் முகத்தை மகாதேவன் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கழற்றிய தாழ்ந்த ஹாண்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய், செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். ஏதோ ஒன்றைக் கொள்ளியிட்டு வந்தாற்போல் அன்று தலை முழுகிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

மூன்றாவது ஞாயிறு மறுபடி தாம்பாளம் கீழே வந்தது. நாகலக்ஷ்மி வண்டியின் நெற்றியில், புது விளக்கில், பொட்டு வைத்தாள். கொக்கியைப் பார்த்தாள், கால் பலகையைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள். அன்று தப்பித்த அதே பழத்தைத்தான், தோல் சுருங்கியிருந்ததை, சக்கரத்தடியில் வைத்தாள். வண்டி நடை பழகுகிற குழந்தைபோல ஏறிற்று. பழம் 'சப்'பென்று நசுங்கிற்று. "இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு" என்றாள் அகிலாண்டம் மாமி.

அன்று தகப்பனாருக்கு ரசம் சூடாகவே போய்ச் சேர்ந்தது. திரும்பி வருகையில் பொழுது இன்னும் சாயவில்லை. ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போகலாம் என்று மகாதேவன் டிராம்பே ரோட்டில் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமையானதால் லாரி ஒன்றுகூட இல்லை. சாலை ஓடுபாதை மாதிரி நீண்டு கிடந்தது. அவர் கை தன்னால் முறுக்கிற்று. வண்டி நாற்பதைத் தொட்டது, ஐம்பதைத் தொட்டது, அதற்குமேல் இன்ஜின் கத்திற்றே தவிர வேகம் ஏறவில்லை.

பின்னாலிருந்து அவள் கை அவர் தோளை இறுகப் பிடித்தது. பயந்துவிட்டாள் என்று நினைத்துக் குறைத்தார்.

"ஏன்னா குறைக்கறேள்? இவ்வளவுதான் போகுமா இது?"

மகாதேவன் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிப் பார்த்தார். தலைமுடி கலைந்து, பொட்டு கோணி, கண்ணில் நீர் வழிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். காற்றினால் வந்த நீர். அவருக்கு அந்த நீரைத் தெரியும்.

"இன்னும் போகும்டி. நூறு கூடப் போயிருக்கும். நீ பின்னாலே உக்காரணுமேன்னு நான்தான் பல்சக்கரத்தை மாத்திக் குறைச்சுட்டேன்."

நாகலக்ஷ்மியின் சிரிப்பு நின்றது. கொக்கியில் ஆடிய காரியரைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஒத்தை சீட்டு வாங்கறச்சேயும் நீங்களாவே வாங்கினேள். இப்ப குறைக்கறச்சேயும் நீங்களாவே குறைச்சேள். யாரைக் கேட்டுண்டு குறைச்சேள்?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, மெதுவாக, பொறுமையாக.

"அந்தப் பழைய பல்சக்கரம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள் அவள்.