பக்கத்து சீட்டில் ஒரு மூச்சு

சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐசியுவில் ஒன்பது வருடமாக நர்சாக இருக்கிறாள் தனப்பிரியா. அன்று காலை நைட் டூட்டி முடித்து மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறியவள், வேலையை விடுவதாக மேட்ரனுக்குச் செய்தி தட்டி, அனுப்பாமல் வைத்திருந்தாள். கண் எரிந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. வழியில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்த பீப் சத்தத்துக்கே மானிட்டர் அலறுவதாக நினைத்துப் பாதி எழுந்துவிட்டாள்.

பக்கத்து சீட்டில், தக்காளி விற்றுத் திரும்பும் ஓர் அம்மாள் வாயைத் திறந்தபடி தூங்கினாள். தனப்பிரியாவின் கண் அவள் நெஞ்சிலேயே நின்றது. ஏறியது, இறங்கியது, பிறகு ஏறவில்லை. சட்டென்று நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தாள்.

அம்மாள் விழித்துக்கொண்டாள். "ஏனம்முணி, அது கவரிங் வளையலு!"

பஸ்ஸே சிரித்தது.

"நான் நர்சுங்க... மூச்சு நின்னுபோச்சோன்னு..."

"நான் கெட்டியாத்தான் இருக்கறன். நீதான் பாதி ஆளா இருக்கற. நீ டிக்கெட் எடுக்கறப்பக் கேட்டன், நானும் மல்லசமுத்திரந்தான். தூங்கு சாமி, ஊரு வந்தா எழுப்பி உடறன்."

தன்னைத் தூங்கச் சொல்லிவிட்டு இன்னொருவர் விழித்திருப்பது தனப்பிரியாவுக்குப் புதிது. கண்ணை மூடியவளுக்கு வழியில் ஆட்டையாம்பட்டி கடந்ததே தெரியவில்லை.

மல்லசமுத்திரத்தில் இறங்கியதும், தட்டி வைத்திருந்த செய்தியை அழித்தாள். 'மேடம், ஒரு மாசம் லீவு வேணும். தூங்கணும்' என்று அனுப்பிவிட்டு போனை அணைத்தாள். எங்கோ இன்னொரு லாரி பீப் அடித்தது. திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.