லத்தி வாரும் வேலை

என் வீட்டுக்காரர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். மாப்பிள்ளையைச் சுமப்பது எங்கள் வெள்ளைக் குதிரையின் வேலை. அதற்கு ஜிகினா கட்டி அழைத்துப் போவது அவர் வேலை. அது போடும் லத்தியை வாருவது என் வேலை. பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டை ஒட்டி, கம்பிவேலி போட்ட சின்னப் புல்நிலம் இருக்கிறது. குதிரை அதில்தான் மேயும். தான் லத்தி போட்ட இடத்துப் புல்லை அது வாயால் தொடாது. வாராமல் விட்டால் பாதி நிலம் வீண், புழுவும் ஜாஸ்தியாகிவிடும். அதனால் விடிந்ததும் கூடையோடு இறங்கிவிடுவேன். மண்வெட்டியால் எடுத்தால் புல்லும் பெயர்ந்து வந்தது. துடைப்பத்தால் கூட்டினால் உருண்டை உடைந்து புல்லுக்குள் பரவியது. கடைசியில் வெல்டிங் கடையில் சொல்லி, நெருக்கமாகப் பல் வைத்து ஒரு வாரி செய்துகொண்டேன். நீளக் கைப்பிடி, ரொம்பக் குனிய வேண்டாம். லத்தி மேலே நிற்கும், மண் கீழே உதிரும். அந்த வாரியை வேறு யார் தொட்டாலும் எனக்குக் கோபம் வரும். சேரும் குவியல் மக்கியதும், கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலாக் கடலை போடுகிறவர்கள் வேனில் வந்து ஏற்றிப் போவார்கள்.

பக்கத்து வீடு புதிதாகக் கட்டியது. அந்த வீட்டுப் பெண் மாடிக்கு வந்தாலே முந்தானை மூக்குக்குப் போய்விடும். மாட்டுச் சாணியைத் தேடி வாங்கி வாசல் தெளிப்பவளுக்கு என் குதிரை போடுவது மட்டும் நாற்றம். நானும் சும்மா இல்லை. அவள் கண்ணில் படுகிற மாதிரியே கூடையைத் தூக்கிப் போவேன்.

ஒரு அமாவாசை அன்று அவள் பசுவுக்குக் கொடுக்கப் பச்சரிசியை வெல்லத்தோடு ஊறவைத்திருந்தாள். வழக்கமாக எங்கள் தெருவுக்கு வரும் மாடு வரவில்லை. வீணாக்க மனமில்லாமல், குண்டான் நிறைய இருந்ததை வேலிக்கு மேலே நீட்டிக் குதிரைக்குக் கொடுத்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் நிலத்தில் ஒரு உருண்டைகூட இல்லை. இன்று வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் குதிரையைப் பார்த்தேன். படுப்பதும் எழுவதுமாக, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். "நடத்தினே இருங்க. லத்தி போட்டுச்சுன்னா பொழைச்சிடும்" என்றார். போடாவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

விஷயம் கேட்டு அவளே வந்து அரிசிக் கதையைச் சொன்னாள். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். வீட்டுக்குப் போகாமல் வேலியோரமே நின்றாள்.

நானும் அவரும் மாற்றி மாற்றிக் குதிரையை நடத்தினோம். என் கண் அதன் வாலைவிட்டு நகரவில்லை. தினமும் முனகிக்கொண்டே வாரியதை இன்று கொஞ்சம் போட வை என்று எதிரே தெரியும் சாமி மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். வேண்டுதல் எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. வெயில் ஏறி இறங்கியது. அவர் அழுதுகொண்டே நடந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் குதிரை நின்றது. வாலைத் தூக்கியது. எனக்கு முன்னே அவள்தான் பார்த்தாள்.

"அக்கா, போட்டுடுச்சுக்கா."

வேலிக் கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்து, என் கூடையை எடுத்து வந்து நீட்டினாள். முந்தானை தோளிலேயே கிடந்தது. வாரி சுவரில் சாய்ந்திருந்தது. நான் அதை எடுக்கவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினேன். சூடாக இருந்தது.