அண்ணி வரைந்த வாடகை வீடு

அண்ணி வேலை பார்ப்பது ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில். அங்கே மற்றவர்கள் கணினியில் வரைந்து, அச்செடுத்து, மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அண்ணிக்கு அது போதாது. தான் வரைந்த வீட்டை ஒரு தடவையாவது நிஜ அளவில் தரையில் கோடு போட்டு, அதற்குள் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். அந்த ஆட்கள் நாங்கள். அந்தத் தரை, எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடி.

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி சாக்பீஸ் டப்பாவும் அளவு டேப்புமாக மாடிக்குப் போனபோது அம்மா மிரண்டுபோனார். "என்னடா, உன் பொண்டாட்டி தரையெல்லாம் கிறுக்கிட்டிருக்கா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். "கிறுக்கலம்மா, கட்டறா" என்றான்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு. ஓர் அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அறையில் அப்பா, அம்மா, நான். கூடத்தின் குறுக்கே ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் அண்ணனும் அண்ணியும். விடிந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகவேண்டுமானால் நான் முதலில் இருமவேண்டும். ஒரு நாள் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. அண்ணி பாதித் தூக்கத்தில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அப்பாவோ லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "லிஃப்ட் ஓடாத எடத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுவாங்க. ஆயுசு முழுக்கப் படியேறியே வேலை பாத்தேன்" என்பார். முட்டி போனது அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் கீழே இறங்குவதில்லை. சன்னல் ஓரம் உட்கார்ந்து தெருமுனை டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடையில் யார் எந்த பெஞ்சில் உட்காருவார்கள் என்று அவருக்கு மனப்பாடம். அங்கே போய் அவர் டீ குடித்துப் பல காலமாகிவிட்டது.

போன வருஷம் அண்ணியின் அலுவலகத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பழைய தொழிற்சாலை இருந்த இடத்தில் புது அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கள் ஊர் விதிப்படி, இப்படிக் கட்டும்போது கொஞ்சம் வீடுகளை விற்காமல், வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடவேண்டும். மனு போட்டவர்களில் யாருக்கு வீடு என்பது குலுக்கலில் தெரியும். கட்டுகிற கம்பெனிக்காரர் ஒரு வழி சொன்னார்: வாடகை வீடுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பின்னால் தனிக் கட்டடமாகப் போட்டுவிடலாம். அதற்குத் தனி கேட். உயரம் குறைவு, அதனால் லிஃப்டும் தேவையில்லை.

அண்ணி வளர்ந்தது அப்படி ஒரு பின்கட்டடத்தில். "பள்ளிக்கூட வேன் முன் கேட்டுலதான் நிக்கும். நாங்க சுத்திக்கிட்டு ஓடணும். எங்களுக்குத் தனித்தனியா பேரே கிடையாது, 'பின் கேட்டுப் பசங்க'தான்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதனால் வாடகை வீடுகளை எல்லா மாடிகளிலும், விற்கிற வீடுகளோடு கலந்து வைக்கவேண்டும், ஒரே வாசல், ஒரே லிஃப்ட் என்று அலுவலகத்தில் பேசினார். அலுவலகத்தை நடத்தும் முதலாளியம்மா கோபக்காரர், ஆனால் நியாயமானவர். "வரைஞ்சு காட்டு. நல்லா இருந்தா நான் சண்டை போடறேன். இல்லன்னா ரெண்டு பேரும் வாயை மூடிக்குவோம்" என்றார்.

அந்த வாடகை வீடுதான் எங்கள் மொட்டை மாடிக்கு வந்தது. இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை.

அம்மா சாக்பீஸ் சமையலறையில் நின்று இல்லாத அலமாரியைத் திறந்தார், இல்லாத பாத்திரத்தை எடுத்தார், திரும்பினார். "ஏம்மா, இங்க திரும்பினா முட்டி சுவத்துல இடிக்குதே."

"தள்ளிப் போட்டுடறேன் அத்தை." அண்ணி காலால் சுவரைத் தேய்த்து அழித்தார்.

அண்ணன் ஃபோன் அடித்ததென்று கூடத்திலிருந்து நேராக அறைக்குள் நடந்தான்.

"என்னங்க, சுவரைத் தாண்டி வர்றீங்க, பேயா நீங்க?"

"வாசல் எங்க இருக்குன்னு தெரியலடி!"

"குட்டி, உங்க அண்ணனுக்குக் கதவைக் காட்டு."

எல்லோரையும்விட ஆச்சரியம் அப்பா. கீழே இறங்காத மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று, மாடிக்கு ஏறி வந்தார். ஒரு நாற்காலியைக் கூடத்துக் கோட்டுக்குள் போடச் சொல்லி உட்கார்ந்தார். "காத்து நல்லா வருதே" என்றார். மொட்டை மாடியில் காற்று வராமல் என்ன செய்யும்? யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தவறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சோதித்துப் பார்க்கப் போட்ட வீட்டில் நாங்கள் குடியேறிவிட்டோம். எங்கள் வருமானத்துக்கு நாங்களும் மனு போடலாம் என்று அம்மா கண்டுபிடித்த நாளிலிருந்து அது எங்கள் வீடாகிவிட்டது. சன்னல் பக்கத்து அறை எனக்கு என்றேன், அம்மா தனக்கு என்றார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு மழை பெய்து கோடெல்லாம் அழிந்தபோது அம்மா, "வீட்டையே கரைச்சுடுச்சு, பாழாப்போன மழை" என்று வானத்தைத் திட்டினார். அண்ணி மறுபடி வரைந்து கொடுத்தார். ஆனால் வரையும்போது முன்போல் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"அத்தை, அந்த வீட்டுக்கு நாம மனு போட முடியாது."

அம்மா மடித்த சட்டையையே மறுபடி மடித்தார். "ஏன்?"

"வரையறவங்க குடும்பம் குலுக்கல்ல சேர முடியாதாம். மேடம் போன வாரமே சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

"நீ வரையலன்னா?"

"வேற வேலைக்கு மாறிக்கலாம்னு சொன்னாங்க. ஒரு ஆஸ்பத்திரிக்குக் கார் நிறுத்தற எடம் வரையணும். இதை எக்ஸ்பிரஸ் பாத்துக்குவாரு."

எக்ஸ்பிரஸ் என்பது அண்ணியோடு வேலை பார்ப்பவருக்கு அலுவலகம் வைத்த பேர். எந்த வரைபடத்தையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவார். கெட்டவர் இல்லை. யாரோடும் சண்டை போடமாட்டார், கம்பெனிக்காரர் கேட்டதை அப்படியே வரைந்து கொடுப்பார், அவ்வளவுதான்.

"மாறிக்கோயேன்" என்றான் அண்ணன். "கார்தானே? அதுக்கு என்ன முட்டியா இடிக்கப் போகுது?"

அண்ணி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அறையின் சன்னலோரம் இருந்த அப்பாவைப் பார்த்தார். "சரி. நாளைக்குப் போய் மாறிக்கறேன்னு சொல்லிடறேன்."

அன்று அம்மா அண்ணிக்குப் போட்ட டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

சாயங்காலம் அப்பாவைக் காணோம். வீட்டைவிட்டு இறங்காதவரை எங்கே போய்த் தேடுவது? அண்ணியும் நானும் மாடிக்கு ஓடினோம். அப்பா சாக்பீஸ் வீட்டின் வாசல் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்க மாமா, உக்காருங்க."

"இரும்மா. கதவைத் தொறந்து வெளிய வந்தா எதிர்ல யாரு இருப்பாங்க?"

அதுவரை அண்ணி வீட்டுக்கு வெளியே எதையும் மாடியில் போட்டதில்லை. "விலைக்கு வாங்கினவங்க வீடு மாமா. நடுவுல நடை. இந்த ஓரத்துல லிஃப்ட்."

"போடு, பாப்போம்."

அண்ணி குனிந்து நடையை வரைந்தார், எதிர்வீட்டுக் கதவை வரைந்தார், கடைசியில் லிஃப்டுக்கு ஒரு கட்டம். அப்பா அந்தக் கட்டத்துக்குள் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டார். "குட்டி, நீயும் ஏறு. அம்மாடி, நீ எதிர்வீட்டுக்காரி. வா."

அண்ணி சிரித்துக்கொண்டே எதிர்வீட்டுக் கதவைத் திறந்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டு, வந்து ஏறினார். மூன்று பேரும் ஒட்டி நின்றோம். லிஃப்டில் நிற்பவர்கள் மாதிரியே ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

"வெயில் ஜாஸ்திதான் இன்னைக்கு" என்றார் அப்பா.

"ஆமாங்க" என்றார் எதிர்வீட்டுக்காரி. "முட்டி இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?"

அப்பா நடிப்பை விட்டுவிட்டு, தன் குரலிலேயே கேட்டார். "இப்படிக் கேப்பாங்களாம்மா?"

"கேக்காமலும் போகலாம் மாமா. ஆனா ஒரே லிஃப்டுல நின்னாத்தானே கேக்கவே முடியும்?"

"அந்த எக்ஸ்பிரஸ் வரைஞ்சா?"

"பின்கட்டடம்தான். லிஃப்ட் இருக்காது."

அப்பா கட்டத்தைவிட்டு வெளியே வந்தார், கோட்டை மிதிக்காமல். "குலுக்கல்ல நமக்கே விழுந்துடுச்சுன்னு வை. நான் அங்கயும் போய் சன்னல்லதான் உக்காரணும். நமக்கு விழலன்னா, வேற எவனோ ஒருத்தன் உக்காருவான். நீ கார் நிறுத்தற எடமெல்லாம் வரைய வேண்டாம்."

"அத்தைகிட்ட என்ன சொல்றது?"

"அவளை நான் பாத்துக்கறேன்."

அம்மாவை அப்பா பார்த்துக்கொண்டதாக எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. கடைசியில் அண்ணிதான் போய்ச் சொன்னார். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எனக்கு அந்தச் சமையலறை ரொம்பப் பிடிச்சிருந்தது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கு அந்த ரூம் கதவு அத்தை. அதுக்கு ஒரு தாழ்ப்பாள்கூட வரைஞ்சு வெச்சிருந்தேன்."

கத்தி நின்றது. "வரைபடத்துல யாராவது தாழ்ப்பாள் வரைவாங்களாடி?"

அம்மா அண்ணியை அதுவரை 'டி' போட்டுப் பேசியதில்லை. அண்ணி சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே அழுதும்விட்டார். அம்மா புறங்கையால் அண்ணியின் கன்னத்தைத் துடைத்தார். "வெங்காயக் கை, இரு" என்றார். அவர் நறுக்கிக்கொண்டிருந்தது வெங்காயமே இல்லை.

மறுநாள் அண்ணி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தபோது எங்கள் படுக்கைகள் கூடத்தில் இருந்தன. அண்ணனின் பெட்டியும் அண்ணியின் பெட்டியும் அறைக்குள் இருந்தன. "உள்ள எங்களுக்குப் புழுங்குது" என்றார் அம்மா. என்ன, ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

வரைபடத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் கம்பெனிக்காரர், விலை கொடுத்து வாங்குகிறவர்கள் வாடகைக்காரர்களுக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள், வீடு விற்காது என்று சாதித்தாராம். முதலாளியம்மா மேசையைத் தட்டினாராம். அண்ணி தட்டவில்லை. வாடகை வீட்டின் படத்தையும் விற்கிற வீட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிக்கதவைப் பார்த்து எது எதுவென்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். கம்பெனிக்காரரால் சொல்ல முடியவில்லை. அதற்காக அவர் மனம் மாறிவிடவும் இல்லை. சாயங்காலம்வரை பேரம் நடந்து, ஒரே வாசலுக்கும் ஒரே லிஃப்டுக்கும் ஒத்துக்கொண்டார். உச்சி மாடிகளை மட்டும் வாடகை வீடுகளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் ஆறு தெரியுமாம், அந்தக் காட்சிக்குத் தனி விலை. அண்ணிக்கு அதில் இன்னும் வருத்தம்தான். "ஆத்தைப் பாக்கக்கூட வசதி வேணுமா?" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார்.

இப்போது அங்கே அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா மனு போடப் போகிறார். போடச் சொன்னது அம்மாதான். "சமையலறையில நின்னு திரும்பினா முட்டி இடிக்காது. நான் திரும்பிப் பாத்திருக்கேன்" என்று உத்தரவாதமே கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தரைத்தளத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறோம். முதலில் அண்ணியும் நானும் போனோம், இப்போது அம்மாவும் வருகிறார். போன வாரம் பார்த்த வீட்டில் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்று காற்றையும் வெளிச்சத்தையும் புகழ்ந்துகொண்டேயிருந்தார். அம்மா அவரைக் கையமர்த்தினார். "இருங்க. என் மருமக கட்டடம் வரையறவ. அவ பாத்துட்டுச் சொல்லட்டும்."

அண்ணி சமையலறையில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். அறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். எனக்குப் பிடித்திருந்தது, அம்மாவுக்கும் பிடித்திருந்தது. வெளியே வந்ததும் அண்ணி வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"ஏன்டி?"

"வாசல்லயே படி உயரம் அத்தை. மாமா ஒரு தடவை இறங்கினா மறுபடி ஏற யோசிப்பாரு."

"அப்ப வேண்டாம்" என்றார் அம்மா. ரோட்டைக் கடக்க அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தெருவில் இன்னொரு வீடு காலியாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.