கடலுக்கு ஏது கலர்?

போன ஞாயிற்றுக்கிழமை உலகத்துக்குக் கத்திரிப்பூ நிறம் பூசினேன். சிரிக்காதீர்கள். அந்த நிறத்துக்கு வந்து சேர நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்...

மலேசியாவில் மந்தின் ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் பழைய ரப்பர் எஸ்டேட்டின் ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடிச் சாப்பிடுவோம். இந்த வருடம் சங்கத் தலைவருக்குப் புதிதாக ஓர் ஆசை வந்துவிட்டது. மேடையில் பெரிய திரை. திரையில் உலக வரைபடம். எஸ்டேட் பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்களோ அந்த நாடெல்லாம் நிறம் மாற வேண்டும். ஆள் கூடக் கூட நிறம் அடர்த்தியாக வேண்டும். தொட்டால் பெயர் வர வேண்டும்.

இதற்கு ஆள் தேடியவர் கண்ணில் நான் பட்டேன். சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் டேஷ்போர்டு செய்து பிழைப்பவள் நான். டேஷ்போர்டு என்றால்? மேனேஜர்கள் படிக்காமலேயே படித்த மாதிரி தலையாட்ட வசதியாக, எண்களைப் படமாக்கிக் கொடுப்பது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் செய்வதுதானே நம் மரபு? செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தலைவர் அண்ணனின் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அந்தக் காலத்தில் விடியுமுன்னே பெரட்டு நடக்கும். கிராணி பெயர் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை. மகன் போட்ட திட்டமும் அதுதான். ஒரு நாட்டைத் தொடுவார், பெயரைப் படிப்பார், பெற்றோர் மேடைக்கு வருவார்கள், ஒரு பொன்னாடை. அடுத்த நாடு. மொத்தத்தில் உலகப் பெரட்டு.

முதல் சண்டை கலரில் வந்தது. சாஃப்ட்வேர் தானாகவே நீலம் போட்டது. "இது அந்தக் கட்சி கலர்லா" என்றார் செயலாளர். பச்சைக்கு மாற்றினேன். அது இன்னொரு கட்சி. சிவப்பு வேறு கட்சி. மஞ்சள்? அரண்மனை நிறம், நமக்கு எதற்கு வம்பு என்றார்கள். கறுப்பு துக்கம். எந்தக் கட்சிக்கும் தோன்றாமல் மிச்சம் இருந்தது கத்திரிப்பூ நிறம் ஒன்றுதான். செயற்குழு ஏகமனதாக ஒப்புக்கொண்ட ஒரே தீர்மானம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஊர்ப் பெயர். நாட்டின் பெயரை எழுதுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சியிருந்தேன். லண்டன் என்று எழுதினார்கள். சாஃப்ட்வேர் எங்கேயோ தேடி கனடாவில் ஒரு லண்டனைக் கண்டுபிடித்து அங்கே கொண்டுபோய் வைத்தது. துபாய் என்றார்கள், அப்படி ஒரு நாடு இல்லை என்றது. அதிகம் பேர் இருப்பது சிங்கப்பூரில். ஆனால் உலக வரைபடத்தில் சிங்கப்பூர் எவ்வளவு பெரிது? கொசு உட்கார்ந்தால் மறைந்துவிடும். அத்தனை பேரின் பெற்றோர்களும் எனக்கு போன் போட்டு, எங்கள் நாட்டைக் கொஞ்சம் பெரிதாக்கக் கூடாதா என்று கேட்டார்கள். எங்கள் ஆள் ஒருவரும் இல்லாத கிரீன்லாந்து மட்டும் மேலே ஜம்மென்று படுத்துக் கிடந்தது.

இதற்கிடையில்தான் சரோஜா அக்கா கூப்பிட்டார்.

அக்காவை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்தே ஒரே மகன் கோபியை வளர்த்தவர். அவனும் அம்மாவைப் போலவே கரண்டி பிடித்தான். இப்போது ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரன். போய் வெகுநாளாகிறது. கப்பல் என்றால் லீவு அப்படித்தான்.

"தங்கச்சி, கோபிக்கு எந்த நாடுன்னு எழுதறது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சாஃப்ட்வேருக்கு நாடு தெரியும், மாநிலம் தெரியும். கடல் அதற்கு வெறும் பின்னணி. தொட்டால் ஒன்றும் ஆகாது, நிறமும் மாறாது. அதைச் சொன்னேன். அதன் பிறகுதான் அக்கா விஷயத்துக்கு வந்தார்.

கோபி கப்பலிலேயே இல்லை என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறதாம். ஏதோ கேஸில் மாட்டி உள்ளே இருக்கிறான், அம்மா கப்பல் கதை சொல்லி மறைக்கிறார் என்று. யார் ஆரம்பித்தது? தெரியாது. எஸ்டேட் போய்விட்டது, லயத்து வீடுகள் போய்விட்டன, ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே எங்களோடு தாமான் வீடமைப்புக்குக் குடிவந்துவிட்டது. இப்போது அத்தனை பேருக்கும் முன்னால் நாடு நாடாகப் பெயர் கூப்பிடும்போது கோபி பெயர் வராவிட்டால்? பேச்சு உண்மையாகிவிடும். அக்காவுக்குப் பொன்னாடை வேண்டாம். மகன் பெயர் வந்தால் போதும்.

தலைவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. கப்பல் எந்த நாட்டில் பதிவானது என்று விசாரித்தார். பனாமா. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இது இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே, பனாமாவுக்கு வேறு ஆளே இல்லை, ஒரு நாடு கூடுகிறது என்று துள்ளினார். பனாமா எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தேடித்தான் தெரியும்.

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றே பட்டது. ஷீட்டில் ஒரு கட்டத்தில் ஒரு வார்த்தை, வேலை முடிந்தது. ஆனால் அக்கா ஒரே போடாகப் போட்டார்.

"என் மகன் அந்த நாட்ட கண்ணுல கூட பாத்ததில்ல. நான் மேடையில ஏறி பொய் சொல்லவா? அப்புறம் அவங்க பேசறதுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்?"

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் தியாகம் செய்து சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டினேன். நிறம் மாறும் நாடுகள் ஓர் அடுக்கு. அதன் மேல் இன்னோர் அடுக்கு. அதில் ஒரே ஒரு புள்ளி. அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் புள்ளி அந்த இடத்தில் போய் நிற்கும். கோபிக்கு ஒரு ஷீட்டின் லிங்கை அனுப்பினேன். கப்பல் அதிகாரியிடம் கேட்டுத் தினமும் அந்த எண்களை அதில் போட்டுவிடுவதாகச் சொன்னான். போடவும் போட்டான். புள்ளி இந்துமாக்கடலில் மெல்ல நகர்ந்து வந்தது. எனக்கே அதைப் பார்க்காமல் காபி இறங்கவில்லை.

விழா நாள். அலைச்சலில் அன்று நான் புள்ளியைப் பார்க்கவே இல்லை. எல்லோரும் கைப்பேசியை அணைத்துவிடுங்கள் என்று அறிவிப்பாளர் அதட்டினார். நல்ல பிள்ளையாக அணைத்தவர் சரோஜா அக்கா மட்டும்தான் என்று நினைக்கிறேன். தலைவர் மவுஸைப் பிடித்தார். ஆஸ்திரேலியா, கைதட்டல், பொன்னாடை. இங்கிலாந்து, கைதட்டல், பொன்னாடை. மலேசியாவை மட்டும் தாண்டித் தாண்டிப் போனார். இங்கேயே இருந்து அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகளுக்குப் பொன்னாடை கிடையாது. கூட்டம் அதிகம், கட்டுப்படியாகாது என்று செயற்குழு முன்பே முடிவெடுத்துவிட்டது.

கடைசியில் கோபி. தலைவர் பெயரைப் படித்து, கப்பல் அடுக்கைத் திறந்தார். புள்ளி எங்கே நின்றது தெரியுமா? மலேசியாவின் மேல். இன்னும் சரியாகச் சொன்னால், எங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானின் மேல்.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார், "நான்தான் சொன்னேன்ல, இங்கதான் எங்கயோ உள்ள இருக்கான்."

அக்கா தலைகுனிந்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி கோபம் அந்த ஆள் மேல், மீதி என் மேல். எண் தவறா? என் புள்ளி தவறா? மேடைக்கு ஓடி, தலைவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். உலகம் விலகியது. ஆசியா விலகியது. சிரம்பான் வந்தது, போர்ட் டிக்சன் வந்தது. பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளி கரையை விட்டு நழுவி நழுவி... நீலத்தில் போய் நின்றது. போர்ட் டிக்சன் கடற்கரைக்கு எதிரே, நடுத்தண்ணீரில்.

"அக்கா, போன திறங்க" என்றேன்.

திறந்தார். விழா தொடங்கியதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்த கோபி, திறந்த உடனே மறுபடி கூப்பிட்டான். கப்பலுக்கு அடுத்த உத்தரவு வரவில்லையாம். அதுவரை அங்கேயே நங்கூரம் போட்டு நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். இறங்க அனுமதி இல்லை. சாயங்காலம் கிளம்பினாலும் கிளம்பிவிடும்.

தலைவர் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யார் கிட்ட காடி இருக்கு என்று மட்டும் கேட்டார். என் காரில் ஏற்றிக்கொண்டேன். போர்ட் டிக்சனுக்கு எந்த வழியாகப் போவது என்று யோசிக்கக்கூட அக்கா விடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரிசையாகக் கார்கள், மோட்டார் சைக்கிள்கள். பிரியாணி திறக்கிற நேரத்தில் எங்கள் ஜனம் மண்டபத்தை விட்டு எழுந்து வந்தது என்றால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பின்வரிசைக்காரரும் வந்திருந்தார்.

கடற்கரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் நிறையக் கப்பல்கள், எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் சாம்பல் நிறம். எது கோபியுடையது? அக்கா தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, நான் மேல் தட்டுல நிக்கிறேன். வெள்ளை ஏப்ரன கழட்டி ஆட்டறேன், தெரியுதா?"

கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தேன். அங்கிருந்து கப்பலே விரல் நீளம்தான். அதில் ஆள் ஏது, ஏப்ரன் ஏது?

"தெரியுதுப்பா" என்றார் சரோஜா அக்கா. "நல்லா தெரியுது. இளைச்சுப் போயிட்டியேடா."

எஸ்டேட்டே பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.