விரதம் என்று சொன்ன பொய்

சிவகாசிக்குப் பக்கத்தில் உள்ள மடத்தின் மேனேஜரே, அன்று என்னைப் பொய் சொல்ல வைத்தது நீங்கள்தான்.

2006-இல் குருபூஜைக்கு முந்தின நாளே வந்தேன். மடத்தில் அறை இல்லை. பக்கத்து வீட்டின் முன்னறையை நீங்களே பேசிவிட்டீர்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் மாரியம்மாளின் வீடு அது.

“படுத்துக்கோங்க. ஆனா அங்கன கை நனைச்சிராதீக, அவுக வேற ஆளுக” என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மாரியம்மாள், மேலில் ஒட்டிய பட்டாசு மருந்து போகக் குளித்துவிட்டு, “கருவாட்டுக் குழம்பு வைக்கப் போறேன். சாப்பிடுவீகளாண்ணே?” என்று கேட்டார்.

“இன்னிக்கு எனக்கு விரதம்” என்றேன்.

கருவாட்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டார். மகள் சிணுங்கினாள்.

“சும்மா இருட்டி. விரதக்காரவுக இருக்காக, வீட்ல கவுச்சி வாடை ஆகாது” என்று பழைய சோறும் ஊறுகாயும் போட்டார்.

நான் நழுவிப்போய் மடத்துப் பந்தியில் உட்கார்ந்தேன். இரண்டாவது முறை சாம்பார் ஊற்றும்போது நிமிர்ந்தால், வாசலில் மாரியம்மாள். விரதக்காரனுக்குக் காய்ச்சிய பாலும் இரண்டு வாழைப்பழமும் கையில் இருந்தன. நீங்கள் அவரை வாசலிலேயே நிறுத்தினீர்கள். அவர் என் இலையைப் பார்த்தார். நான் எழப் போனேன்.

“உக்காந்து சாப்பிடுங்கண்ணே. பாதி இலையில எந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் உட்கார்ந்து முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

படுக்க ஆகிற வீடு சாப்பிட ஏன் ஆகாது? அடுத்த குருபூஜைக்கு வருகிறேன். என் பொய்யை நானே பந்தியில் எழுந்து சொல்கிறேன். அதன்பின் நீங்கள் மைக்கைப் பிடித்து, மாரியம்மாள் முன்னால் பதில் சொல்லுங்கள்.