வணக்கம் வைக்காத ஒரு பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கணவர் என்னைச் சுற்றிவிட்டார். தப்பாக நினைக்காதீர்கள்... சால்சா நடனத்தில் அப்படித்தான். ஆண் கையை உயர்த்துவார். பெண் அதற்குக் கீழே ஒரு சுற்று சுற்றி, மறுபடி அவர் கைக்கே வந்து சேர வேண்டும். நான் சுற்றி முடித்துப் பார்க்கிறேன் — கையைக் காணோம்! அது வாசலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! மதினி நல்லா இருக்காவளா?"

நான் போய் மோதி நின்றது, சுவரோரம் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில்.

சங்கரன்கோவிலில் சால்சாவா என்று கேட்காதீர்கள். ஏன், எங்களுக்குக் கால் இல்லையா? பெங்களூரில் ஐ.டி. வேலை பார்த்தபோது இதைக் கற்றுக்கொண்ட ஜெனிபர், எங்கள் ஊருக்கு மருமகளாக வந்துவிட்டாள். ஞாயிறு மாலைகளில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வகுப்பு எடுக்கிறாள். எனக்கோ சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். தெருவில் இறங்கினால், 'எங்க கிளம்பிட்டிய?' என்று வீட்டுக்கு வீடு நிறுத்திக் கேட்கிறார்கள். அப்புறம் எங்கே நடக்க? இங்கே சேர்ந்த பிறகு கால் சும்மா இருப்பதில்லை. தோசை வார்க்கும்போது ஆடுகிறது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூட பெஞ்சுக்கு அடியில் ஆடுகிறது.

ஆனால் இதற்கு ஜோடி வேண்டுமே! என் ஜோடி பாத்திரக் கடைக்காரர். அக்கம்பக்கத்தில் கல்யாணம் என்றால் அண்டாவிலிருந்து டம்ளர் வரை அவரிடம்தான் வாங்குவார்கள். மண்டபம் பார்க்க மாடியேறி வருகிற எல்லாருமே கடைக்கு வந்தவர்கள், அல்லது வரப்போகிறவர்கள். ஆளைக் கண்டதும் இவருக்கு இரண்டு கையும் தானாகக் குவிந்துவிடும். அதில் ஒரு கை என்னைப் பிடித்திருக்கிறது என்ற நினைப்பு எங்கே இருக்கப்போகிறது?

அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாற்காலியில் இடித்துக்கொண்டதற்காக இல்லை... வீட்டுக்குப் போகும்போது பைக்கில் அவர் சொன்னதற்காக.

"ஏட்டி, அடுத்த வாரத்தோட நிப்பாட்டிருவோம். யாவாரம் பண்ணுதவன் பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு ஆடுதான்னு பேசுதானுவ."

"ஏன், அடுத்தவன் பொண்டாட்டி கையவா புடிச்சிய?" என்றேன். அவர் வண்டியை இன்னும் வேகமாக முறுக்கினார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வைத்த பாலை மறந்தேன். துவைத்த துணியையே மறுபடி ஊற வைத்தேன். அப்படி என்ன கேட்டுவிட்டேன்? ஒரே ஒரு பாட்டு. ஆரம்பம் முதல் கடைசி வரை, யார் வந்தாலும் விடாத ஒரு கை. நம் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கை கோப்பது கல்யாண மேடையில் ஒரு தடவை — அதுவும் போட்டோகிராபர் சொன்னால். அதற்குப் பிறகு ரோட்டைக் கடக்கும்போதுகூட அவர் முன்னால், நாம் பின்னால். இந்த வகுப்பும் நின்றுபோனால் அந்த ஒரு பாட்டு எனக்குக் கிடைக்காமலே போய்விடுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இந்த ஞாயிறும் வந்தது. பாட்டைப் போடும் முன் ஜெனிபர், "அண்ணாச்சி, வணக்கத்த வாயால சொல்லுங்க. கை அக்காவுக்கு" என்றாள்.

ஆடத் தொடங்கியதும் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவர் மாடியேறி வந்தார். மகள் கல்யாணம். பெரிய இடம்... பெரிய பெரிய அண்டா! இவர் கை துடித்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் தலையை மட்டும் ஆட்டி, "உக்காருங்க அண்ணாச்சி, இந்தா வந்துட்டேன்" என்றார். கையை விடவில்லை! எனக்குச் சந்தோஷத்தில் காலே தடுமாறியது.

அடுத்துப் படியேறி வந்தது யார் தெரியுமா? எங்கள் சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடத்தும் டீச்சர்! மகனுக்கு மண்டபம் பார்க்க வந்திருக்கிறார்.

ஊருக்குப் பயப்படுகிறார் என்று வாரம் முழுக்க இவரைத் திட்டித் தீர்த்தவள் நான்... சட்டென்று கையை உருவிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போடப் போனேன்.

கை வரவில்லை. இவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எங்கட்டி போற? பாட்டு இன்னும் முடியலல்லா!"